பதினோராவதும் பதின்மூன்றாவதும்

டெனிஷா பொய் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமையாக அவள் தனக்குத் தானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே பொய் சொல்லாத எவரும் அதை இரண்டு கிழமைக்கு மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். டெனிஷாவும் நிஷாந்தியும் டொக்டர்மார். விசேட வைத்தியர் ஆவதற்கான எம்.டி. பரீட்சைக்கு ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே பாஸ் பண்ணியவர்கள். டெனிஷா கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ரெனால்டின் ஒரே மகள். இப்போது கணவன் சஜீத்தோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் பாமன்கடையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். நிஷாந்தி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த சீனியம்மாவின் மகள். வெள்ளவத்தையில், ரயில் பாதைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

பரீட்சைக்கு முந்திய எட்டு மாதமும் டெனிஷா பாதி நாள் அந்த அறையில்தான் கிடந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த கிழமை அவளால் வர முடியாமல் போனபோது, நிஷாந்தி சிறுநீரகப் பாடம் முழுவதையும் வாசித்து வொய்ஸ் மெசேஜாக அனுப்பினாள். மொத்தம் நாற்பத்தொரு மெசேஜ். டெனிஷா தொட்டிலை ஆட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். பரீட்சையில் சிறுநீரகத்தில் இரண்டு கேள்வி வந்தது. இரண்டையும் அவள் நிஷாந்தியின் குரலிலேயே ஞாபகப்படுத்தி எழுதினாள்.

பாஸ் பண்ணினால் போதாது. அதன் பிறகு இருதயமா, மூளையா, சிறுநீரகமா, சீனி வருத்தமா என்று ஒரு துறையைத் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். புள்ளி வரிசைப்படி மண்டபத்தில் பெயர் கூப்பிடுவார்கள். எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் துறையைச் சொல்ல வேண்டும். சொன்னவுடன் திரையில் ஓர் இடம் குறையும். அந்த வரிசையில் நிஷாந்தி பதினோராவது, டெனிஷா பதின்மூன்றாவது.

டொக்டர்மார் மனதுக்குப் பிடித்த துறையைத்தான் எடுப்பார்கள் என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைப்பார்கள். மனதுக்குப் பிடித்ததை எடுப்பவர்கள் முதல் மூன்று இடத்துக்காரர்கள். மற்றவர்கள் எல்லாரும் கணக்குப் பார்க்கிறவர்கள்தான். எந்தத் துறையில் எத்தனை கேடர் இருக்கிறது, அதாவது சம்பளம் கொடுக்க அரசாங்கம் ஒப்புக்கொண்ட பதவி எத்தனை? அதில் இருக்கிற பெரிய டொக்டர்மார் எப்போது ஓய்வு பெறுவார்கள்? இரவு இரண்டு மணிக்கு போன் வருமா? பின்னேரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, காசுக்கு நோயாளி பார்க்கிற சனல் தொடங்கினால் ஆட்கள் வருவார்களா?

டெனிஷா இதை ஒரு கொப்பியில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாள். ஒரு நாள் பின்னேரம் காலி வீதியில் உள்ள சனல் சென்ரர் ஒன்றுக்குள் நோயாளி மாதிரிப் போய் உட்கார்ந்து, ஒவ்வோர் அறைக் கதவுக்கும் மேலே எத்தனையாம் இலக்கம் போகிறது என்று பார்த்தாள். சீனி வருத்த டொக்டரின் கதவில் நாற்பத்தாறு. பக்கத்தில் முதியோர் வைத்திய நிபுணரின் கதவில் இரண்டு. அந்த இரண்டில் ஒருவர் வழி தவறி வந்தவர், அவரும் எழுந்து போய்விட்டார். "அக்கா, நீங்க ஆருக்கு நம்பர் எடுத்தனீங்கள்?" என்று கவுண்டரில் இருந்த பிள்ளை கேட்டபோது டெனிஷா வெட்கப்பட்டு எழுந்து வெளியே வந்தாள். அன்றே முடிவு செய்துவிட்டாள். சீனி வருத்தமும் தைரொய்டும் பார்க்கிற எண்டோதான் வேண்டும். அந்த நோயாளி ஒரே நாளில் சுகமாகிப் போய்விட மாட்டான், மூன்று மாதத்துக்கொரு தடவை உயிருள்ளவரை வருவான். அதோடு இரவில் யாரும் எழுப்ப மாட்டார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு முழு இரவு தூங்காத பெண்ணுக்கு அதுவே பெரிய விஷயம்.

எண்டோவுக்கு மூன்று இடம். முதல் பத்துப் பேரில் இரண்டு பேர் அதை எடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றையே நிஷாந்தியும் குறி வைத்திருந்தாள்.

தெரிவுக்கு முந்திய வியாழக்கிழமை, அரசாங்க அலுவலகமொன்றில் வேலை செய்கிற டெனிஷாவின் மைத்துனன் ரொனி போன் எடுத்தான். "மச்சாள், எண்டோவுக்குப் புதுசா மூண்டு போஸ்ட் பாஸாகியிருக்கு. ரெண்டு மலைநாட்டுக்கு. லிஸ்ட் வெளியில வர இன்னும் ஒரு கிழமை போகும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

டெனிஷா ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் இருவரும் பிளேன்டீயும் உளுந்து வடையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எனக்கு எண்டோதான் டெனி. வேற ஒண்ணும் யோசிக்கல," என்றாள் நிஷாந்தி. "நைட்டுல கூப்புட மாட்டாங்க. சுகர்காரன் சாகுற வரைக்கும் வருவான். மலநாட்டுல ஒரு போஸ்ட் கெடச்சா அம்மாவ லயத்துல இருந்து கூட்டியாந்து என்கூட வச்சிக்குவேன்."

இவளும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள் என்று டெனிஷாவுக்கு ஓர் ஆறுதல். தான் ஒரு புனிதவதியின் இடத்தைப் பறிக்கவில்லை, தன்னைப் போல ஒருத்தியோடு போட்டி போடுகிறாள், அவ்வளவுதான்.

"மலைநாட்டில எண்டோவுக்கு எங்க கேடர் இருக்கு நிஷா? போன வருசத்து லிஸ்ட்டை எடுத்துப் பார். இருக்கிற ஆக்கள் இன்னும் பதினைஞ்சு வருசத்துக்கு ரிட்டயர் ஆகமாட்டினம்."

இது உண்மை. போன வருடத்து லிஸ்ட்டில் அப்படித்தான் இருந்தது.

"புது லிஸ்ட் ஒண்ணு வருதுன்னாங்களே?"

"வரும் வரும் எண்டு நாலு வருசமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாங்கள்."

இதுவும் உண்மை.

"நீ வெளிநாட்டு ட்ரெய்னிங் எல்லாம் முடிச்சிட்டு வந்து போஸ்ட் இல்லாமல் நிண்டா என்ன செய்வாய்? எனக்கெண்டாச் சஜீத் இருக்கிறார். உனக்கு வீட்டில ஆர் உழைக்கினம்? முதியோர் மருத்துவத்தை எடு. நாடே கிழடாகிக்கொண்டு போகுது. மாவட்டத்துக்கு ஒண்டு எண்டு போஸ்ட் வரத்தான் போகுது. நல்ல ஃபீல்ட்."

நிஷாந்தி வடையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்தாள். அவளுக்குத் தம்பி ஒருவன் கம்பஸில் படிக்கிறான். அம்மா தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில். வேலை இல்லாமல் ஒரு வருடம் காத்திருக்கிற வசதி அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. எந்த இடத்தில் தொட்டால் அவள் பயப்படுவாள் என்பது, எட்டு மாதம் ஒரே பாயில் படித்த டெனிஷாவுக்கு நன்றாகத் தெரியும்.

"நீ என்னா எடுக்கப் போற?"

"பதின்மூண்டாம் ஆளுக்கு என்ன சொய்ஸ்? மிஞ்சுறதைத்தான்."

"நீ எனக்கு நல்லதுதான் சொல்லுவ," என்றாள் நிஷாந்தி. அதைக் கேட்டதும் டெனிஷா பிளேன்டீயைத் தள்ளி வைத்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

திங்கட்கிழமை மண்டபத்தில் பத்தாவது பெயர் முடிந்தபோது திரையில் எண்டோவுக்கு எதிரே ஒன்று நின்றது. பதினோராவது பெயரை வாசித்தார்கள். நிஷாந்தி எழுந்தாள். சேலையைச் சரி செய்தாள். ஒருமுறை திரையைப் பார்த்தாள். டெனிஷா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜெரியாட்ரிக் மெடிசின்," என்று முதியோர் மருத்துவத்தைக் கேட்டது நிஷாந்தியின் குரல். பன்னிரண்டாவது ஆள் ஷெரோமி, இருதயம் தவிர வேறொன்றும் வேண்டாமென்று முதலாம் வருடத்திலிருந்தே சொல்லித் திரிந்தவள், அதையே எடுத்தாள். அடுத்ததாக டெனிஷா எழுந்து எண்டோ என்று சொன்னாள். அவள் நினைத்ததை விடக் குரல் உரத்து வந்துவிட்டது.

வெளியே படியில் நிஷாந்தி பிடித்துக்கொண்டாள். "நீ ஏன்டி அத எடுத்த? போஸ்ட் இல்லன்னு நீதான சொன்ன?"

"எனக்கும் பயம்தான்," என்றாள் டெனிஷா. "பிள்ளை இருக்கிறபடியால நைட் ட்யூட்டி ஏலாது. வாறது வரட்டும் எண்டு எடுத்தனான்."

இதில் பாதி பொய். அதுவரைக்கும் உண்மையாகவே பொறுக்கிப் பொறுக்கிப் பேசி வந்தவளுக்கு இந்த இடத்தில் அந்தப் பெருமையும் போயிற்று. நிஷாந்தியோ அவள் தோளைத் தட்டினாள். "பயப்படாத. நீ கெட்டிக்காரி, எப்படியும் ஒரு எடம் கெடைக்கும்."

அன்று இரவு சஜீத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். சஜீத் நல்ல மனிதன், மனைவி அழுதால் அவனால் தாங்க முடியாது. "போட்டி எண்டா அப்பிடித்தான். நீர் ஒண்டும் களவெடுக்கேல்லையே. தெரிஞ்சதை எல்லாம் எல்லாருக்கும் சொல்லோணும் எண்டு சட்டமா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். டெனிஷாவுக்குத் தூக்கம் வரவில்லை. நன்றாகத் தூங்குவதற்காக ஒரு துறையை எடுத்தவள், எடுத்த நாளிலிருந்து ஒரு நாளும் தூங்கவில்லை.

வியாழக்கிழமை புது லிஸ்ட் வெளியில் வந்தது. பத்து நிமிடத்துக்குள் நிஷாந்தியின் போன்.

"பாத்தியா டெனி? எண்டோவுக்கு மூணு போஸ்ட். ரெண்டு எங்க பக்கம். உனக்கு அதிர்ஷ்டம்டி. நான் ஒரு கெழம பொறுத்திருக்கணும்." அவள் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் போனை வைக்கவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிற்பது இந்தப் பக்கத்தில் டெனிஷாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

என்ன கேட்க வந்தாள் என்பதும் தெரியும். தெரிவு முடிந்து பதினான்கு நாளுக்குள் இரண்டு பேர் சம்மதித்து ஒரே ஃபோமில் கையெழுத்து வைத்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர்மாரும் கிளார்க்மாரும் இடமாற்றத்துக்குச் செய்கிற அதே மியூச்சுவல்தான். தெரிவு நடத்திய அலுவலகத்தில் ஃபோமைக் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள், பின்னேரம் நாலு மணி. நிஷாந்தி வாய் விட்டுக் கேட்க மாட்டாள். பிள்ளைக்காரியிடம் போய், உன் இடத்தை எனக்குத் தா என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. டெனிஷாதான் சொல்ல வேண்டும்.

"ஓம், அதிர்ஷ்டம்தான்," என்று சொல்லிவிட்டு டெனிஷா போனை வைத்தாள்.

அடுத்து ஒன்பது நாள் ஓடியது. வார்டில் சீனி கூடிய நோயாளி ஒவ்வொருவரையும் பார்க்கும்போது நிஷாந்தியின் ஞாபகம் வந்தது. சீனி கூடாத நோயாளியைக் கண்டால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் இலங்கையில் அப்படியானவர்கள் மிகக் குறைவு.

இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் அவள் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு வெள்ளவத்தையிலேயே கோயில் இருக்கிறது. ஆனால் அங்கே ஞாயிறு பூசைக்குப் போகிறவள், அந்தச் சுவாமியார் அவளைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். வெட்கமான பாவத்தைச் சொல்ல வேறு பங்குக்குப் போவது கொழும்புக் கத்தோலிக்கருக்குப் புதிதில்லை. கொட்டாஞ்சேனைக்குப் புதிதாக ஒரு சுவாமியார் வந்திருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் இளம் குரல் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. டெனிஷா கேடரிலிருந்து மியூச்சுவல் வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். நோயாளியின் சரித்திரத்தை வார்டில் ஒப்புவிக்கிற மாதிரி ஒழுங்காகச் சொல்லி முடித்தாள்.

"இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?" என்றது குரல்.

"இல்லை சுவாமி."

"இன்னும் திருத்த ஏலுமா?"

"திங்கட்கிழமை நாலு மணி வரைக்கும் ஏலும்."

"இண்டைக்குச் சனி. இஞ்ச வந்து ஏன் நேரத்தைப் போக்காட்டுறீங்கள்? வேற அபராதம் ஒண்டும் தரேல்ல. அவவிட்ட போங்கோ."

பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு இது பெரிய ஏமாற்றம். முகம் சிவந்து வெளியே வந்தாள். வந்த குறைக்கு அம்மா வீட்டுக்கும் போனாள்.

வீட்டில் அம்மா பட்டர் கேக் தட்டோடு நின்றாள். ஒழுங்கையில் பதினெட்டு வீட்டுக்கும் துண்டு வெட்டிக் கொடுத்தாயிற்றாம். "எங்கட பிள்ளை சீனி வருத்த டொக்டர்" என்று சொல்லிச் சொல்லியே கேக் கொடுத்திருக்கிறாள். அது அம்மாவுக்கு வேடிக்கையாகவும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் மூன்று பேர் இரத்தப் பரிசோதனைத் துண்டுகளோடு வந்துவிட்டார்கள். டெனிஷா வாசலில் நின்று துண்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அவளுக்கு உரிமையில்லாத வேலை.

"இரவில ஆரும் எழுப்பமாட்டினம்தானே?" என்று கேட்டார் அப்பா ரெனால்ட். துறைமுகத்தில் முப்பது வருடம் இரவு ஷிஃப்ட் செய்தவர் அவர். "அது போதும் மகள். காசு வரும் போகும். நித்திரை போனாத் திரும்பி வராது."

அந்த முகத்துக்கு முன்னால் என்ன சொல்ல? "ஓம் டடா," என்றாள்.

திங்கட்கிழமை விடுமுறை எடுத்திருந்தாள். ஃபோமை ஞாயிறு இரவே நிரப்பி, தன் கையெழுத்தையும் வைத்துவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு உடுத்து ஆயத்தம். பாமன்கடையிலிருந்து வெள்ளவத்தை நடந்தே போகிற தூரம். ஒன்பதரைக்குப் பிள்ளைக்கு வெந்நீர் வார்த்தாள். பத்தரைக்குத் தலைமுழுகினாள், ஏனென்று அவளுக்கே தெரியாது. பதினொன்றுக்கு அலுமாரியை அடுக்கினாள். ஒரு மணிக்குச் சமையலும் சாப்பாடும் முடிந்தபோது பிள்ளையை நித்திரையாக்கினாள். பிள்ளை தூங்கிய பிறகும் அரை மணி நேரம் பக்கத்தில் கிடந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்து நிஷாந்தியின் அறைக் கதவைத் தட்டியபோது மணி மூன்றே கால்.

நிஷாந்தி வார்டிலிருந்து வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்திருந்தாள். "வா வா. சாப்புட்டியா?"

"நிஷா, அந்த லிஸ்ட் வரப்போகுது எண்டு எனக்கு முந்தியே தெரியும்."

நிஷாந்தியின் கை சோற்றில் நின்றது. "எப்ப?"

"வியாழக்கிழமை. நாங்கள் எடுக்கிறதுக்கு முந்தின வியாழன். ரொனி சொன்னவன்."

"வட சாப்புட்டமே. அதுக்கு முன்னாடியா?"

"முந்தி."

டெனிஷா கைப்பையிலிருந்து ஃபோமை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "இண்டைக்குத்தான் மியூச்சுவலுக்குக் கடைசி நாள். நான் சைன் பண்ணிட்டன். நீ விரும்பினா..."

அவள் அழுதாள். அழுகை உண்மைதான். ஆனால் அழுதுகொண்டே அவள் எதிர்பார்த்திருந்ததும் ஒன்று உண்டு. விடு டெனி, நடந்தது நடந்துபோச்சு, உனக்குப் புள்ள இருக்கு, நீயே வச்சிக்க என்று நிஷாந்தி சொல்வாள். சிறுநீரகப் பாடத்தை நாற்பத்தொரு துண்டாக வாசித்து அனுப்பியவள் அப்படிச் சொல்லாமல் விடுவாளா? இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். மனச்சுமையும் இறங்கும், எண்டோவும் கையில் இருக்கும். ஒன்பதாம் நாளிலிருந்து டெனிஷா போட்டு வைத்திருந்த கணக்கு இதுதான். சுவாமியாரிடம் கூட இதை அவள் சொல்லவில்லை.

நிஷாந்தி எழுந்தாள். பார்சலை மடித்து மூடினாள். பைப்பில் கை கழுவி, துவாயில் விரல் விரலாகத் துடைத்தாள்.

"பேனா இருக்கா?" என்றாள்.

டெனிஷா பேனாவைக் கொடுத்தாள். அந்த நிமிடம் அவள் நெஞ்சில் எழுந்தது நிம்மதி இல்லை. ஏன் வாயைத் திறந்தேன் என்ற எரிச்சல். அந்த எரிச்சலைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நிஷாந்தி முழுப் பெயரையும் இலக்கத்தையும் நிதானமாக எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

"கெளம்பு. இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் இருக்கு."

காலி வீதியில் பாடசாலை வான்கள் வரிசை கட்டி நின்றன. நிஷாந்தி நடுவீதிக்கே போய் ஒரு திரீவீலரை மறித்தாள். "அய்யே, ஹதிஸ்ஸியக்," என்று அவசரத்தைச் சிங்களத்தில் சொன்னாள். புல்லர்ஸ் வீதி வழியாகப் போனால் நேரத்துக்குப் போகலாம் என்றான் சாரதி. பம்பலப்பிட்டிச் சந்தி வரை திரீவீலர் ஊர்ந்து வந்தது. சந்தியில் மொத்தமாக நின்றுவிட்டது. மணி மூன்று நாற்பத்தொன்று.

"முதியோர் நல்ல ஃபீல்டுன்னு நீதான சொன்ன," என்றாள் நிஷாந்தி, வெளியே பார்த்தபடி. குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "மாவட்டத்துக்கு ஒண்ணு வரும்னு."

"ஓம்."

"வரட்டும்."

சிக்னல் பச்சையாகியும் முன்னால் நின்ற பஸ் அசையவில்லை. நிஷாந்தி மடியில் ஃபோமை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்துகிற சைவக்காரிகளில் அவளும் ஒருத்தி. "நான் அந்தோனியாருகிட்ட கேக்குறேன்," என்றாள். "உங்க ஆளுதான, நீயும் கேளு. நாலு மணிக்குள்ள போயிரணும்னு."

அவள் கண்ணை மூடினாள். டெனிஷாவும் மூடினாள். மூடிய மாத்திரத்தில், யோசிக்காமலே, வார்த்தை வந்துவிட்டது. அந்தோனியாரே, இந்த பஸ் நகரக் கூடாது. இன்னும் இருபது நிமிடம். இருபதே நிமிடம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் வைத்துவிட்டேன், இதற்கு மேல் என் கையில் இல்லை என்று இருக்கட்டும்.

காலையிலிருந்து தலைமுழுகியதும் அலுமாரி அடுக்கியதும் எதற்கென்று அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

பஸ் நகர்ந்தது. புல்லர்ஸ் வீதி காலியாகக் கிடந்தது. மூன்று ஐம்பத்தேழுக்கு இருவரும் அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார்கள். கிளார்க் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டிருந்தாள், திரும்பக் கழற்றி வைத்தாள். ஃபோமைப் படித்துவிட்டு, "தென்னம கெமதித?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள். இரண்டு பேருக்கும் சம்மதம்தானா? நிஷாந்தி தலையாட்டினாள். டெனிஷா வாயால் சொல்லும்வரை அந்தப் பெண் முத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒவ்," என்று டெனிஷா சிங்களத்திலேயே ஆமென்றாள். முத்திரை விழுந்தது.

பஸ் தரிப்பிடத்தில் வெயில் சாய்ந்திருந்தது. நிஷாந்தி பிரதியை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "அந்தோனியாரு கேட்டாரு பாத்தியா," என்றாள்.

டெனிஷா சும்மா இருந்திருக்கலாம். ஓம் என்று ஒரு சொல் போதும், அதைச் சொல்லி அவளுக்கு நல்ல பழக்கம். "நான் வேற கேட்டனான் நிஷா," என்றாள். "நேரத்துக்குப் போகக்கூடாது எண்டு."

நிஷாந்தி கைப்பையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியும்டி. பதினாலு நாள் இருந்துச்சு. நீ இன்னைக்கி மூணே காலுக்குத்தான வந்த."

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் வெள்ளவத்தை, பாமன்கடை என்று கத்தினான். நிஷாந்தி ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. டெனிஷா ஏறாமல் அடுத்த பஸ் வரும்வரை நின்றாள்.